மாத்திரை தொடங்கியதும் பிள்ளைக்கு எடை ஏறுகிறதா? வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை, படிப்படியாக

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பெங்களூரு அல்சூர் கடைத்தெருவில் வாங்கிய யூனிஃபார்ம் பேன்ட், ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றத்துக்குக் கிளம்பும்போது பொத்தான் போட வரவில்லை. "மூச்சை உள்ளே இழுடா" என்றால் ஒன்பது வயதுப் பையன் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறான். ஒரு ரப்பர் பேண்டைப் பொத்தானில் மாட்டி, சட்டையை வெளியே விட்டு அனுப்பினேன். சிரித்துக்கொண்டேதான் செய்தேன். அன்று மாலை மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷினில் ஏற்றி நிறுத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. 33 கிலோ. மே மாதத்தில் 27.

என் மகனுக்கு ஆட்டிசம். கையைக் கடித்துக்கொள்வான், தலையைச் சுவரில் மோதுவான். அதற்காக மே மாதம் ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரையைத் தொடங்கினார்கள். மூன்றே வாரத்தில் மணிக்கட்டில் இருந்த கடிகாயம் ஆறியது. எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதி அது. ஆனால் மருந்தை எழுதிய கிளினிக்கில் அவனை எடை பார்க்கவில்லை, பசி கூடும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 27 என்ற எண்கூடப் பள்ளி ஹெல்த் கார்டில் இருந்ததால்தான் தெரிந்தது.

இந்த ஒன்றரை வருஷத்தில் டாக்டர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும், வீட்டில் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து சம்பந்தமான எந்த முடிவும் உங்கள் டாக்டருடையது.

முதலில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

எடையைப் பார்த்த அன்று இரவே எனக்குத் தோன்றியது இதுதான், நாளையிலிருந்து கொடுக்க வேண்டாம் என்று. நல்லவேளை, செய்யவில்லை. இந்த வகை மருந்துகளைத் திடீரென்று விட்டால் பழைய நடத்தைகள் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். தூக்கம் போகும், குமட்டல் வரும். சில பிள்ளைகளுக்கு வாய், நாக்கு, கைகள் தாமாகவே அசைய ஆரம்பிக்கும். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர் சொல்லும் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்க வேண்டும்.

எடை ஒரு வாரம் தாமதமாகக் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அந்த ஒரு வாரத்தில் பிள்ளை சுவரில் மண்டையை உடைத்துக்கொண்டால் ஆகும்.

எந்த மருந்து என்று பாருங்கள்

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். இன்னொன்றுதான் மருந்தின் பெயர், ரிஸ்பெரிடோன் என்பதுபோல. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல மருந்துகள் எல்லாமே எடை ஏற்றுவதில்லை.

அதிகம் ஏற்றுபவை ஓலன்சபினும் குளோசபினும். அடுத்து குவெடியபின், ரிஸ்பெரிடோன். அரிபிப்ரசோல் கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள், பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை அவ்வளவாகச் செல்லாது. அமெரிக்காவில் முதன்முறையாக இந்த மருந்துகளைத் தொடங்கிய 4 முதல் 19 வயதுள்ளவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. சுமார் 11 வாரத்தில் ஓலன்சபின் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 8.5 கிலோ, குவெடியபினில் 6.1, ரிஸ்பெரிடோனில் 5.3, அரிபிப்ரசோலில் 4.4 கிலோ ஏறியிருந்தது. மருந்து எடுக்காதவர்களுக்கு 0.2 கிலோதான். என் பையனின் 6 கிலோவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. எங்கள் வீட்டுச் சமையலிலோ அவனுடைய நாக்கிலோ புதிதாக எந்தக் குற்றமும் முளைக்கவில்லை.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் எடை ஏற்றும். லித்தியமும் ஏற்றும். அதில் தாகம் கூடும், பிள்ளை அந்தத் தாகத்துக்கு எதைக் குடிக்கிறது என்பது முக்கியம். லித்தியம் எடுக்கும் பிள்ளைக்கு உப்பையோ தண்ணீரையோ நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். மனச்சோர்வு மருந்துகளில் மிர்டசபின் பசியைத் தூண்டும். ஃப்ளூக்ஸெடின் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட்டும் அடமாக்ஸெடினும் நேர் எதிர், பசியையே அடக்கிவிடும்.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. நீங்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் ஹிஸ்டமின், செரடோனின் என்ற மூளை ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. அவை போய் ஒட்டும் இடங்களில் சிலவற்றை இந்த மருந்துகள் அடைத்துவிடுகின்றன. அதனால் வயிறு நிறைந்தாலும் செய்தி மேலே போய்ச் சேருவதில்லை. மருந்தின் மந்தத்தில் பிள்ளை ஓடியாடுவதும் குறைகிறது.

என் மகன் அதிகம் பேச மாட்டான். அந்த நாட்களில் மூன்று தோசை சாப்பிட்டு எழுந்தவன் பத்து நிமிஷத்தில் வந்து என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "காலி, காலி" என்பான். இரவு பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்று மாவுப் பாத்திரத்தில் கையை விட்டு நக்கிக்கொண்டிருப்பான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். அடங்காத பசியோடு நின்ற பிள்ளையை அடித்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

அளவெடுங்கள்

மருந்து தொடங்கும் முன்பே எடுத்திருந்தால் உத்தமம். இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

எடை: வீட்டில் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பாத்ரூம் போய் வந்ததும், ஒரே மாதிரி உடுப்பில். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தினமும் பார்த்தால் 300 கிராமுக்கெல்லாம் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

உயரம்: செருப்பில்லாமல், சுவரோடு குதிகால் ஒட்டி, தலையில் ஒரு அட்டையைத் தட்டையாக வைத்துப் பென்சிலால் கோடு. மாதம் ஒரு முறை.

இடுப்பு: தையல்கார டேப்பால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில். அது உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 132 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 66 செ.மீ. எல்லை.

அப்புறம் பிஎம்ஐ, உயரத்துக்கு எடை சரிதானா என்று காட்டும் எண். கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். என் பையனுக்கு அப்போது 33ஐ 1.32ஆல் இரண்டு முறை வகுத்தால் 18.9. பெரியவர்களுக்கு இது சாதாரணம். ஒன்பது வயதுக்கு அப்படி இல்லை. பிள்ளைகளுக்கு வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட 5 முதல் 18 வயதுக்கான வளர்ச்சி அட்டவணை இருக்கிறது, எந்தக் குழந்தை டாக்டரிடமும் கிடைக்கும். அதில் அதிக எடைக்கு ஒரு கோடு, உடல்பருமனுக்கு ஒரு கோடு. என் மகன் முதல் கோட்டைத் தாண்டியிருந்தான்.

ரத்தப் பரிசோதனை: வெறும் வயிற்றில் சுகர், கொலஸ்ட்ரால் வகைகள், கூடவே பிபி. இவற்றை மருந்து தொடங்கும்போது ஒரு முறையும் 12 வாரத்தில் ஒரு முறையும் பார்ப்பது பரவலான நடைமுறை. பிறகு எல்லாம் சரியாக இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில், குறைந்தது வருஷம் ஒரு முறை. எடையை மட்டும் 4, 8, 12ஆவது வாரங்களில் கட்டாயம் பாருங்கள். ஏற்றம் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக இருக்கும். வெறும் வயிற்றுச் சுகர் 100க்குக் கீழே இருக்க வேண்டும், 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய் எல்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்த்தால் 5.7க்குக் கீழே.

பசித்த பிள்ளையை வெறும் வயிற்றில் லேபுக்கு அழைத்துப்போவது ஒரு தனிப் போராட்டம். நாங்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவரை ஞாயிறு காலை ஆறரைக்கு வரச் சொல்கிறோம். ஊசி எடுத்த கையோடு இட்லித் தட்டு முன்னால் இருக்கும்.

டாக்டரிடம் என்ன கேட்பது

நாங்கள் பிறகு பெங்களூரில் உள்ள அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு மாறினோம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்தெல்லாம் குடும்பங்கள் அங்கே வருகின்றன, வரிசையில் தமிழ்ப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். ஓபிடிக்கு (புறநோயாளிகள் பிரிவு) காலையிலேயே போய்விடுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் காத்திருக்கும் நேரம் முழுக்க பிஸ்கட்டில்தான் ஓடும்.

எந்த டாக்டரானாலும் கையில் நோட்டோடு போங்கள். "ரொம்ப குண்டாயிட்டான் டாக்டர்" என்றால் அது புலம்பலாகப் போய்விடும். "12 வாரத்தில் 6 கிலோ, இடுப்பு 67" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கேட்க வேண்டியவை இவை. இதைவிடக் குறைந்த டோஸில் அதே பலன் கிடைக்குமா? எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாற்றலாமா, மாற்றினால் கோபம் திரும்பும் ஆபத்து எவ்வளவு? ஒன்றுக்கு மேல் மருந்து இருந்தால் எல்லாமே இன்னும் தேவையா? எத்தனை மாதம் கழித்துக் குறைத்துப் பார்க்கலாம்? மெட்ஃபார்மின் உதவுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பல பெற்றோர் பயப்படுகிறார்கள், அது சுகர் மாத்திரையாயிற்றே என்று. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இப்படிப்பட்ட மருந்துகள் எடுத்த 6 முதல் 17 வயதுள்ள ஆட்டிசப் பிள்ளைகளுக்கு 16 வாரம் மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பிஎம்ஐ கட்டுப்பட்டது. வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் சிலருக்கு வந்தன. எல்லாருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் டாக்டர் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு, சிறிய டோஸில் தொடங்குவார். வீட்டில் தாத்தாவின் டப்பாவில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்களுக்கு டோஸைக் குறைத்தார்கள், மெட்ஃபார்மின் எழுதவில்லை. ஆறு மாதம் வீட்டுப் பழக்கங்களை மாற்றிப் பாருங்கள் என்றார்கள்.

வீட்டுப் பழக்கங்களை மாற்றுவது

இங்கேதான் நிஜமான வேலை. பிள்ளையின் தட்டை மட்டும் மாற்றினால் நடக்காது. அப்பா முறுக்கு கொறிக்க, மகனுக்கு வெள்ளரிக்காய் என்றால் அது தண்டனை. பசியைக் குறைக்க நம்மால் முடியாது, கண்ணில் படுவதை மாற்ற முடியும்.

முதலில் குடிப்பதில் கை வையுங்கள், பலன் சீக்கிரம் தெரியும். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை இருக்கிறது, எட்டு ஸ்பூன். டப்பா ஜூஸும் அதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. பாலில் மால்ட் பவுடர் இரண்டு ஸ்பூன், அதன்மேல் சர்க்கரை இரண்டு ஸ்பூன் என்று காலையும் மாலையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன், அவன் கண்டுபிடிக்கவில்லை. இப்போது வெறும் பால். மற்ற நேரத்தில் தண்ணீர், உப்புப் போட்ட மோர். பழத்தைப் பிழியாமல் கடித்துச் சாப்பிடட்டும்.

அடுத்தது எங்கள் மாமியார். இதை ஒரு படியாகவே எழுத வேண்டும். "பசிக்குதுன்னு கேக்குற புள்ளைக்கு இல்லேன்னு சொல்லச் சொல்றியா? நான் சாமிக்கு என்னம்மா பதில் சொல்வேன்?" என்று கண் கலங்கினார். விளக்கம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் பொறுப்பையே அவரிடம் கொடுத்தேன். "அத்தை, நாலரை மணிப் பசி உங்க கணக்கு. சுண்டலா, அவிச்ச முட்டையா, நீங்களே முடிவு பண்ணுங்க. எண்ணெயும் இனிப்பும் மட்டும் வேண்டாம்." அன்றிலிருந்து கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று நாள் கணக்கு போட்டு ஊறவைப்பவர் அவர்தான். மார்கழியில் அவரைக்காய் வந்தால் இன்னும் நல்லது. ஊறவைத்த கொட்டையைப் பேரனும் பாட்டியும் உட்கார்ந்து பிதுக்குவார்கள். ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து 'புளுக்' என்று வெளியே வருவது அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கிண்ணம் பிதுக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணியில் அவன் ஃபிரிட்ஜ் பக்கம் போவதில்லை.

சாப்பாட்டுத் தட்டில் வரிசையை மாற்றினோம். பொரியலும் கூட்டும் முதலில் வரும், பருப்போ முட்டையோ மீனோ அடுத்தது, சோறு கடைசி. பெரிய தட்டுகளை மேலே ஏற்றிவிட்டு எல்லாருக்கும் சிறிய தட்டு. இரண்டாம் முறை கேட்டால் மறுப்பதில்லை, 15 நிமிஷம் கழித்துத் தருவோம். ஃபிரிட்ஜ் கதவில் நான்கு படங்கள் ஒட்டியிருக்கிறேன்: தட்டு, தண்ணீர் டம்ளர், கடிகாரம், மறுபடி தட்டு. பேச்சைவிடப் படம் அவனுக்கு நன்றாகப் புரிகிறது. பாதி நாள் கடிகாரத்தைத் தாண்டுவதற்குள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான். மீதி நாள் அழுவான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ராகி பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் "ராகி கொடுங்க" என்பார்கள். நல்ல தானியம்தான், சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அளவில்லாமல் களி தின்றால் சோறு போலவே ஏறும். வெல்லம் போட்ட ராகி மால்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆட்டிசப் பிள்ளைகளில் பலர் நாலைந்து பொருள் மட்டும்தான் தொடுவார்கள். எங்கள் வீட்டில் தயிர்சாதம், இட்லி, சிப்ஸ், பேக்கரி பன். அத்தனையும் வெள்ளை. ஒரே நாளில் எதையும் பிடுங்காதீர்கள், அப்புறம் சாப்பாடே போர்க்களமாகும். தயிர்சாதத்தில் துருவிய வெள்ளரியை ஒரு ஸ்பூனில் தொடங்கினேன். நான்கு மாதத்தில் அது கால்வாசி ஆனது. பேக்கரி முழுதாக நிற்கவில்லை. தெருமுனைக் கடைக்காரர் "ஏன் பேக்கு மரி?" (என்ன வேணும் குட்டி?) என்று கன்னடத்தில் கேட்டால் இவன் முகம் மலர்கிறது, அவன் சொந்தமாக வார்த்தை சொல்லி வாங்கும் ஒரே இடம் அது. சனிக்கிழமை ஒரே ஒரு காரா பன் என்று வைத்துக்கொண்டோம்.

வெளியே எங்கெல்லாம் தீனி கிடைக்கிறது என்றும் பாருங்கள். எங்களுக்குத் தெரியாமல் தெரபி சென்டரில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு சிப்ஸ் பரிசாகப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷ வகுப்பில் ஒரு பாக்கெட் காலி. கேட்டதும் சோப்புக் குமிழுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளி ஆசிரியர், வேன் டிரைவர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரிடமும் ஒரு முறை சொல்லி வையுங்கள்.

ஓட்டமும் தூக்கமும்

5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிஷம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. லிஃப்டை விட்டு மூன்று மாடி ஏறுவது, பாட்டுப் போட்டுக் குதிப்பது, ஞாயிறு கப்பன் பார்க் எல்லாம் கூட்டிக் கணக்குதான். மாத்திரைக்குப் பிறகு எந்த நேரத்தில் தூங்கி வழிகிறான் என்று நோட்டில் குறியுங்கள். அந்த நேரத்தில் பார்க்குக்கு இழுத்துப் பயனில்லை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதனால் இரவில் செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வாய்ப் பேச்சு

"என்னடா, தொப்பை?" என்று கல்யாண வீட்டில் வயிற்றைத் தட்டுபவர்களைத் தடுங்கள். பேசாத பிள்ளைக்குக் காது கேட்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விடலைப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடியைப் பார்த்து வெறுத்துப்போய், யாருக்கும் தெரியாமல் மாத்திரையைத் துப்பிவிடுவார்கள். மருந்தால் எடை ஏறும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பெண் பிள்ளைக்கு வால்ப்ரோயேட் கொடுத்தால் கர்ப்பம், சினைப்பை விஷயங்களையும் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது: இவை சர்க்கரையின் அறிகுறிகள், அன்றே பரிசோதனை வேண்டும். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அரைமயக்கம் சேர்ந்தால் நேராக எமர்ஜென்சி. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போல் கருத்துத் தடித்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மார்பு வீங்கினாலோ பால் கசிந்தாலோ மாதவிடாய் நின்றாலோ சொல்லுங்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ரிஸ்பெரிடோன் கூட்டும். மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். டாக்டர் கிடைக்காத நேரத்தில் மனநலம் பற்றிப் பேச 14416, அரசின் டெலிமானஸ் உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

எது முன்னேற்றம்

வளரும் பிள்ளைக்கு எடையை இறக்குவது பெரும்பாலும் குறி இல்லை. ஏற்றத்தைப் பிடித்து வைத்தால் போதும், உயரம் வந்து கணக்கைச் சரிக்கட்டும். எங்கள் நோட்டில் போன ஆகஸ்டில் 33 கிலோ, 132 செ.மீ. இந்த ஆகஸ்டில் 34.6 கிலோ, 137 செ.மீ. மெஷினில் எண் கூடியிருக்கிறது, பிஎம்ஐ 18.9இலிருந்து 18.4க்கு வந்திருக்கிறது. இதை மாமியாருக்குப் புரியவைக்க அரை மணி ஆனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவனே மெஷினை இழுத்துப்போட்டு ஏறுகிறான். எண்கள் என்றால் அவனுக்கு உயிர். "முப்பத்துநாலு புள்ளி ஆறு" என்று நாலு முறை சத்தமாகச் சொல்லிவிட்டு, பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஏற்றுகிறான். அவருடையது 71.2. அதைப் பத்து முறை சொல்கிறான்.